முப்பத்தோரு ஸ்டிக்கர்

தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துக்கு 12 கீ, மெய்க்கு 18, புள்ளிக்கு ஒன்று. ஆக மொத்தம் 31. கிரந்த எழுத்துகள் ஷிஃப்டோடு போய்விடுவதால் அவற்றுக்குத் தனி இடம் வேண்டாம். இந்த 31 எழுத்தையும் ஓர் ஆங்கிலக் கீபோர்டின் மேல், ஆங்கில எழுத்தை மறைக்காமல், தேயாமல், உரியாமல் நிற்க வைக்க வேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் டிடிபி கடை வைத்திருந்த காலத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது இந்த வேலைதான். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், மண்டிக்கடை பில் புக் எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தன. ஸ்டிக்கர் மட்டும் நிற்கவில்லை.

ஸ்டிக்கர் எதற்கு என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். நான் தட்டச்சு கற்றது பழைய ரெமிங்டனில், இடது கைக்கு யளனக என்று ஆரம்பிக்கும் வரிசையில். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் அதில்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு நடந்து, அதே ஆண்டு ஜூனில் அரசு தமிழ்99-ஐ ஏற்றது. நல்ல வரிசை. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில், கக என்று தட்டினால் க்க என்று தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆனால் ஊருக்குள் அது வந்து சேர்ந்தபோது ஏற்கெனவே ஆளுக்கொரு வரிசை இருந்தது. என் கடையிலேயே ஒருத்தி தட்டச்சு வரிசை, இன்னொருவன் பாமினி, ஸ்ரீலிபியில் மட்டுமே பழகிய தம்பி ஒருவன். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுப்போம் என்று நான் முடிவு செய்தேன். கற்க வருகிறவர் கீயைப் பார்ப்பார். கீயில் கியூ இருக்கும், ஆ இருக்காது.

பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்துச் சதுரம் சதுரமாக வெட்டி, செல்லோடேப் போட்டு ஒட்டுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. ஒரு வாரத்தில் டேப்பின் ஓரத்தில் அழுக்கு கறுப்புக் கோடாகச் சேரும். அப்புறம் டேப் மஞ்சளாகும், மூலை தூக்கும், விரல் நகம் அதில் மாட்டும். வினைல் ஸ்டிக்கர் ஷீட்டில் அடித்தால் டோனர் விரல் எண்ணெய்க்கும் வேர்வைக்கும் தாங்குவதில்லை. வெளியூரிலிருந்து ஒருவர் ரெடிமேடாக ஒரு ஷீட் வாங்கிவந்து கொடுத்தார். பார்க்க அழகு. ஆனால் அந்த எழுத்தும் மேல்பரப்பில்தான் இருந்தது. கடைப் பையன் ஒருவன் அதன்மேல் கலரில்லாத நெயில் பாலிஷ் தடவினான். கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு அது பழுப்பேறிக் கரடுமுரடாக, ரிமூவர் போட்டுத் துடைத்தான். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். எழுத்தோடு கீயின் தோலும் வந்துவிட்டது.

எந்த எழுத்து முதலில் போகிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டாயிற்று. க, த, புள்ளி, உ, இ ஆகியவை முதலில் போகும் என்று யாரும் ஊகிக்கலாம். ங எங்கள் கடையில் சீக்கிரம் தேய்ந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. 'தாங்கள் தங்கள் குடும்பத்துடன்', 'எங்கள் இல்லத் திருமண விழா' என்று நாள் பூராவும் அடித்தால் ங எப்படி நிற்கும்? ஔ மட்டும் கடையை மூடும்வரை புதுசாகவே இருந்தது.

திண்டுக்கல்லில் எழுத்து அழியாமல் இருக்க வேண்டுமென்றால் போய்க் கேட்க ஆள் உண்டு. பூட்டுக்காரர்கள். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது அதற்கு வெகுகாலம் முந்தி, அந்தத் தொழில் ஒடுங்கிக்கொண்டிருந்த சமயம். தெரிந்த ஒரு பூட்டு வேலைக்காரரிடம் ஒரு கீயைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏம்மா, மேல ஒட்டுனது என்னைக்கிருந்தாலும் போகத்தான் செய்யும். பூட்டுல நாங்க நம்பரை ஒட்டவா செய்யிறோம்? அடிக்கிறோம்ல" என்றார்.

"இதுலயும் அடிக்க முடியுமாண்ணே?"

நம்பர் பஞ்சை எடுத்து வைத்து, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. பித்தளையில் அழகாக இறங்கும் பஞ்சு, பிளாஸ்டிக்கில் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு விட்டது. கீ இரண்டாகப் போகவில்லை, அவ்வளவுதான். "இது மாவு மாதிரியில்ல இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, அடிக்க முடியாவிட்டால் கீறலாமே என்று பாத்திரக் கடைக்குப் போனேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். கரண்டில் அதிரும் ஊசி, கர்ர் என்ற சத்தம், புள்ளி புள்ளியாகச் சீர்வரிசைப் பெயர்கள். அவர் 'க' என்று ஒரு கீயில் வெட்டிக் கொடுத்தார். கறுப்புக் கீயில் வெட்டியது கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளத்தில் வெள்ளைப் பெயிண்ட் விட்டுத் துடைத்தால் தெரிந்தது. பழைய காலத்துச் சந்தன நிறக் கீபோர்டில் பெயிண்டே வேண்டாம்: ஒரு மாத அழுக்கு பள்ளத்தில் ஏறி எழுத்தைத் தானே கறுப்பாக்கிவிடும். ஒரு மாதம் பொறுத்தால் இலவச மை! ஆனால் அந்த ஊசியால் ஞ எழுத முடியவில்லை. ஊசி சுழித்துத் திரும்பும் இடத்தில் பிளாஸ்டிக் சூடாகி இளகி உருண்டுவிடுகிறது. விரலுக்கும் நெருடல். அத்தோடு அதை விட்டேன்.

விஷயம் பிடிபட்டது வேறு இரண்டு இடங்களில். தட்டச்சுப் பயிலகங்களுக்கு மிஷின் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஐயா என்றுதான் ஊரே கூப்பிடும். அவரிடம் ஓடாத ஒரு பழைய ரெமிங்டன் கிடந்தது. அதன் கீ ஒவ்வொன்றும் வட்டம். சுற்றிலும் நிக்கல் வளையம். நடுவில் சின்னக் கண்ணாடி. வளையத்தின் அடிக்காலை நெம்பிக் கழற்றிக் காட்டினார். கண்ணாடிக்கு அடியில் இருந்தது வெறும் காகிதம். அச்சடித்த வட்டக் காகிதம். ஓரம் பழுத்திருந்தது, ஆனால் எழுத்தின் ஒரு கோடுகூடப் போகவில்லை. எத்தனையோ பேர் விரல் பட்ட மிஷின் அது. விரல் பட்டதெல்லாம் கண்ணாடியில். மையைத் தொட்டவர் யாரும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் என்று போய் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ் எழுத்துகளைத் தட்டச்சுப் பொறிக்குள் அடக்கி, ஜெர்மனியில் செய்வித்தார் என்பதைப் பயிலகத்தில் பாடம்போலச் சொல்வார்கள். 247 எழுத்தை அத்தனை சின்னப் பெட்டிக்குள் எப்படி வைத்தார் என்பதைத்தான் எல்லாரும் வியப்பார்கள். எனக்கு அன்றைக்கு அந்தக் கண்ணாடியும் வளையமும்தான் பெரிசாகத் தெரிந்தன.

இரண்டாவது இடம் ஒட்டன்சத்திரம். காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டிக்குப் பில் புக் கொடுக்கப் போயிருந்தேன். தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்குகிற கை, அதே கையால் எலக்ட்ரானிக் தராசின் பட்டனை அழுத்துகிறது. சேறு, தக்காளிச் சாறு, மழைத்தண்ணி, ஈரத் துணியால் ஒரு துடைப்பு. அந்தப் பட்டன் எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஓரம் கிழிந்த ஒரு பேனலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தெளிவான பிளாஸ்டிக் தாளின் அடிப்பக்கத்தில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி அச்சடித்து, அதன்மேல் பசை. ரெமிங்டன் செய்ததையே கண்ணாடிக்குப் பதில் ஃபிலிம் வைத்துச் செய்திருக்கிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பின் பட்டனும் இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இனி ஆள் தேட வேண்டியதில்லை. மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் தம்பி ஒருவர் நாகல் நகர்ப் பக்கம் இருந்தார். அவரிடம் டிசைனை இடவலம் மாற்றி டிரேசிங் ஷீட்டில் எடுத்துக் கொடுத்தேன். ஃபிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ்ஷில் எமல்ஷன் தடவி, ஷீட்டை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும். எழுத்து மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து ஓட்டையாகும். அந்த ஓட்டை வழியாக மை இறங்கும். தம்பிக்கு இது அன்றாட வேலை. ஆனால் பையில் அடிக்கும் எழுத்து கட்டைவிரல் உயரம். என்னுடையது 5, 6 மில்லிமீட்டர்.

கணக்கு இப்படி. ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடு வரைக்கும் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். ஆனால் கீ மேலே போகப் போகக் குறுகும். விரல் படும் மேல்தளம் 12, 13 மில்லிமீட்டர்தான். அதில் மேல் இடது மூலையை ஆங்கில எழுத்து பிடித்துக்கொள்கிறது. தமிழுக்கு மிஞ்சுவது கீழ் வலது மூலை. ஆங்கில எழுத்து நேர்க்கோடும் வளைவுமாக எந்தச் சின்ன இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். நம் எழுத்து சுழி உள்ளது. ஞ-வின் உட்சுழி, ஊ-வுக்குள்ளும் ஔ-வுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும் சின்ன ள, ண-வின் மூன்று வளையம் எல்லாம் மையில் அடைத்துக்கொண்டு வெறும் பொட்டாகிவிடும். தடித்த எழுத்து என்றால் அடைக்கும். மெலிந்த எழுத்து என்றால் அறுந்து அறுந்து விழும். கடையில் இருந்த தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. பத்திரிகைக்கு அழகாக இருக்கும் கொம்பும் வாலும் இங்கே தொந்தரவு. கோரல்டிராவில் வைத்து ஒவ்வொரு எழுத்தின் சுழியையும் அகலத் திறந்து, ஒரே பருமனில் கோடு ஓட்டி நானே வரைந்தேன். என் ஞ-வைப் பார்த்துத் தமிழாசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். படிக்க முடிகிறதா ஐயா என்று கேட்டேன். முடிகிறது என்றார். போதும்.

ஃபிலிமும் சும்மா கிடைக்கவில்லை. மேல்பக்கம் பளபளப்பாக இருந்தால் டியூப் லைட் வெளிச்சம் அதில் விழுந்து எழுத்தே தெரியாது, விரலும் வழுக்கும். மேல்பக்கம் மேட், அடிப்பக்கம் வழவழப்பு என்று ஒரு பாலியெஸ்டர் ஃபிலிம் உண்டு. கனமானது உழைக்கும் என்று ஆசைப்பட்டு 250 மைக்ரான் போட்டால், கீயின் தளம் நடுவில் பள்ளமாக இருப்பதால் ஃபிலிம் நிமிர்ந்துகொண்டு இரண்டு ஓரத்திலும் தூக்கும். 100 மைக்ரான் படிந்து உட்கார்ந்தது. பசையில் இரண்டு ஜாதி: ரப்பர் பசை உடனே பிடிக்கும், சித்திரை வைகாசி வெயிலில் இளகி ஓரம் வழியே கசிந்து பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பின்னிங் மில் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? அக்ரிலிக் பசை மெதுவாகப் பிடிக்கும், வெயிலுக்கு அசையாது.

வெட்டுவதுதான் கடைசிச் சிக்கல். கத்தரியால் வெட்டினால் மூலை கூராக வரும். உரிவது எப்போதும் மூலையிலிருந்துதான். மூலை வட்டமாக இருந்தால் பிடித்துத் தூக்க இடமில்லை. மறுபடியும் அதே பூட்டுக்கார அண்ணனிடம் போனேன். இந்தத் தடவை அவருக்கு வேலை பிடித்துவிட்டது. லீவர் தகடு வெட்டுகிற கை பிரஸ்ஸுக்கு, நாலு மூலையும் வளைந்த ஒரு சின்ன டையைக் கடைந்து ராவி எடுத்தார். பூட்டுக்குள் லீவர் உரசாமல் ஏறி இறங்க எவ்வளவு சுத்தமாக ராவுவாரோ அவ்வளவு சுத்தம். கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் ஃபிலிம் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் அப்படியே நிற்கும். "பூட்டு வாங்க ஆளில்லாதப்ப இதாவது ஓடுதே" என்றார் சிரிக்காமல்.

எஃப், ஜே கீகளில் விரல் தடவித் தெரிந்துகொள்ள ஒரு மேடு இருக்கும். அதன்மேல் ஃபிலிம் ஏறினால் அங்கிருந்தே உரியும். அந்த இரண்டுக்கு மட்டும் உயரம் குறைத்து வெட்டினோம். எஃப் கீதான் தமிழ்99-இல் புள்ளி. முதலில் அந்த ஸ்டிக்கரில் வெறும் ஒரு புள்ளியை அச்சடித்திருந்தேன். கற்க வந்தவர்கள் அதைத் தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினார்கள். பிறகு மங்கலான க-வின் தலையில் பளிச்சென்று புள்ளி வைத்து அடித்தோம், சுரண்டல் நின்றது.

இந்த ஸ்டிக்கருக்குப் பெரிய சோதனை ஆயுத பூஜை. பூஜை அன்று மானிட்டருக்கு மாலை, சிபியூவுக்குப் பட்டை, கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம். யாராவது ஒருவர் ஆசையாக ஒவ்வொரு வரிசைக்கும் பொட்டு வைத்துவிடுவார். மறுநாள் காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் தேய்த்து எடுக்கும்போது பழைய ஸ்டிக்கர்கள் சந்தனத்தோடு வரும். அடிப்பக்கம் அச்சிட்டவை தேய்க்கத் தேய்க்கத் துலங்கின. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. எனக்குத் தட்டச்சு கற்றுத்தந்த மாஸ்டர் கடைக்கு வந்து, கீபோர்டைப் பார்த்து, தலையை ஆட்டினார். "பாத்து அடிக்கப் பழக்கிட்டா கை பழகாதும்மா. சுவத்துல சார்ட்ட மாட்டு, கீயில ஒண்ணும் வேணாம்." பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு அவர் சொன்னது சரி. தேறிய தட்டச்சர் கீயைப் பார்ப்பதே இல்லை. வெறும் கறுப்புக் கீபோர்டு கொடுத்தாலும் அடிப்பார். ஆனால் என்னிடம் வந்தவர்களில் பரீட்சைக்காரர்கள் குறைவு. ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் தன் ஊர்க் கோயிலைப் பற்றிப் புத்தகம் எழுத வந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டரில் மகனுக்குத் தமிழில் கடிதம் எழுத ஓர் அம்மா வந்தார். மகளிர் குழுக் கணக்கைத் தமிழில் அடிக்க ஓர் அக்கா சின்னாளபட்டியிலிருந்து வந்தார். இவர்களிடம் போய் ஆறு மாதம் சார்ட்டைப் பார்த்துப் பழகுங்கள் என்றால் எழுந்து போய்விடுவார்கள். எழுத்து தெரிந்தால் உட்காருவார்கள். பாதிப் பேருக்கு உட்கார்ந்த கொஞ்ச நாளில் பார்க்கும் தேவையே போய்விடும். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை, ஒரு செட் வாங்கிக்கொண்டு போனார், பேரனுக்காம்.

உலகத்தில் இதைவிடச் சிறந்த வழிகள் உண்டு. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்து, எழுத்தே கீயின் உடம்பாக இருக்கும்படி செய்வது ஒன்று. பின்னாளைய தட்டச்சுப் பொறிகளில் அதைப் பார்க்கலாம். கீ தேய்ந்து தீரும்வரை எழுத்தும் தீராது. இன்னொன்று, 1985-இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் செய்ததுபோல, சூட்டில் மையை ஆவியாக்கிப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஏற்றுவது. அந்தக் கீகள் பிபிடி என்ற பிளாஸ்டிக். அந்தச் சூட்டைத் தாங்கும். மலிவான கீபோர்டுகளின் ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், அதில் இந்த வேலை ஆகாது. லேசரில் பொறிப்பது மூன்றாவது. பரிசுப் பொருளில் பெயர் பொறிக்கும் லேசர் கடைகள் இன்றைக்குச் சின்ன ஊர்களிலும் வந்துவிட்டன. பாத்திரக்கடை ஊசி செய்ய முடியாத ஞ-வை லேசர் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும்.

செல்போன் வந்தபின் தமிழ் எழுதுவது கண்ணாடித் திரைக்கு மாறிவிட்டது. அங்கே எழுத்து தேய்வதுமில்லை, ஒட்டவும் வேண்டாம். கடையையும் மூடியாயிற்று. ஆனாலும் யாராவது தெரிந்தவர்கள் ஸ்டிக்கர் கேட்டு இப்போதும் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கீயை மெடிக்கலில் விற்கும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள்; சின்ன இடுக்கியால் எடுங்கள். நடுவை முதலில் அழுத்தி, பிறகு ஓரங்களை அழுத்துங்கள். ஒட்டியபின் ஒரு நாளாவது தட்டாமல் விடுங்கள்; அக்ரிலிக் பசை முழுசாகப் பிடிக்க இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொள்ளும். வாங்கும்போது எழுத்தின்மேல் நகத்தால் கீறிப் பாருங்கள். மை நகத்தில் வந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

பள்ளிக்கும் நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் மொத்தமாகக் கீபோர்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டெண்டரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தமிழ்99 எழுத்துகள் கீயிலேயே வார்க்கப்பட்டோ லேசரில் பொறிக்கப்பட்டோ இருக்க வேண்டும், ஒட்டிய ஸ்டிக்கர் ஏற்கப்படாது.